கலஹாரிக்குக் கேரவனில் போகிறவர்களுக்கு: எந்த இரவு எங்கே, எந்த இரவு டவர்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலிருந்து, கலஹாரிப் பாலைநிலம் இருக்கும் நார்தர்ன் கேப் மாகாணத்துக்குக் கேரவனோடு (கார் இழுத்துப் போகும் தங்கும் வண்டி) கிளம்பும் குடும்பங்கள் முதலில் வண்டியைப் பார்க்கின்றன, பிறகு பாதையை, கடைசியில்தான் தங்குமிடத்தை. கடற்கரைப் பயணத்துக்கு அது போதும். கடற்கரை ஊரான மார்கேட்டில் இடம் இல்லையென்றால் அடுத்த ஊர் கூப்பிடு தூரம். பாலைநிலத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே 150 கி.மீ. வெறும் புல்லும் மணலும்தான். கரண்டு, குடிதண்ணீர், போன் டவர் மூன்றும் ஊர்களையும் முகாம்களையும் ஒட்டியே இருக்கின்றன. எல்லா முகாமிலும் மூன்றும் சேர்ந்து இருப்பதும் இல்லை.

ஆகவே இரவுகளை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முகாமின் பெயர், கரண்டு உண்டா, டவர் உண்டா, குடிக்கிற தண்ணீர் உண்டா என்று நிரப்புங்கள். டவர் இல்லாத இரவுகள் எவை என்று கிளம்பும் முன்பே தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கணக்கு இல்லாதவர்கள்தான் பொழுது சாயும் நேரத்தில் டவர் தேடி வண்டியைத் திருப்பி, இருட்டில் சரளைச் சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இருட்டிய பிறகு குடு மான்கள் சாலையைக் கடக்கும். ஆளுயர மான் அது; மோதினால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளேயே வந்து விழும். மாலை 4 மணிக்குள் முகாமில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

டிசம்பர், ஜனவரியில் கலஹாரியில் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது. ஜூன், ஜூலை விடுமுறையில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். காலையில் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. ஆகஸ்ட், செப்டம்பரில் விலங்குகள் நன்றாகத் தெரியும். பிற்பகல் காற்று மட்டும் மணலை வாரி இறைக்கும்.

ஈஸ்டர் வாரத்தில் முகாம்களில் இடம் கிடைப்பது மிகவும் கடினம். நம் வீடுகளில் அப்போது கோயில் விசேஷம் இருக்கும், எப்படியும் பயணம் போவதில்லை. புரட்டாசியில் போகிறவர்கள் எல்லோரும் இறைச்சி சுடும் முகாமின் பொது பிராய் கம்பியில் சமைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். சொந்தக் கம்பி ஒன்றையும் ஒரு சின்ன கேஸ் அடுப்பையும் எடுத்துப் போனால் பிரச்சினை இல்லை.

உரிமமும் வண்டியும்

கேரவனின் மொத்த அனுமதி எடை 750 கிலோவுக்கு மேல் என்றால் ஓட்டுநருக்குப் பி உரிமம் போதாது, ஈபி வேண்டும். பெரும்பாலான கேரவன்கள் 750 கிலோவைத் தாண்டியவை. உரிம அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் சரளைச் சாலை பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். பல ஒப்பந்தங்கள் சரளையில் ஓட்டுவதைத் தடுக்கின்றன அல்லது டயர், கண்ணாடி, அடிப்பகுதிச் சேதத்துக்குக் காப்பீடு தருவதில்லை. கலஹாரியில் உள்ள கலகாடி தேசியப் பூங்காவுக்குள் தார்ச்சாலை கிடையாது. அனுமதி உண்டென்றால் எழுத்தில் வாங்கி வண்டியில் வையுங்கள்.

இரவுகளை அடுக்குவது

டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் வரை என்3, அங்கிருந்து பெத்லஹேம் வழியாக என்5, வின்பர்க்கில் என்1 பிடித்து ப்ளூம்ஃபோன்டைன், பிறகு என்8-இல் கிம்பர்லி, கிரிக்வாடவுன், ஹ்ரூப்லெர்ஸ்ஹூப், கடைசியாக என்10-இல் அப்பிங்டன். மொத்தம் 1,200 கி.மீ.க்கு மேல். கார் மட்டும் என்றால் சிலர் ஒரே மூச்சில் போவார்கள். கேரவன் இழுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 450 கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். வான் ரீனன் கணவாயில் இறங்கும்போதும் ஏறும்போதும் பனிமூட்டம் சட்டென்று சூழும். மேலே ஏறும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

முதல் இரவு பெத்லஹேம் அல்லது கோல்டன் கேட் பக்கம். இரண்டாவது கிம்பர்லி. மூன்றாவது அப்பிங்டனில் ஆரஞ்சு ஆற்றங்கரை. இந்த மூன்று இரவும் டவர் பிடிக்கும் இரவுகள். செய்ய வேண்டிய போன் வேலை, பதிவிறக்க வேண்டிய வரைபடம், வங்கி வேலை எல்லாம் அப்பிங்டன் இரவோடு முடிந்துவிட வேண்டும். பெரிய கடைகளும் டயர்க் கடைகளும் மருந்துக் கடைகளும் அங்கேதான் கடைசி.

அப்பிங்டனிலிருந்து இரண்டு வழி பிரிகிறது. மேற்கே என்14-இல் காகமாஸ் போய் ஆக்ராபிஸ் நீர்வீழ்ச்சிப் பூங்கா, சுமார் 120 கி.மீ., கடைசிவரை தார். ஆரஞ்சு ஆறு 56 மீட்டர் ஆழப் பாறைப்பிளவில் விழுகிற இடம் அது. கேரவன் புதிது, ஓட்டுவதும் புதிது என்றால் முதல் பயணத்தை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். குறை ஒன்றும் இல்லை. வடக்கே ஆர்360-இல் போனால் சுமார் 250 கி.மீ.யில் போட்ஸ்வானா எல்லையைத் தாண்டியும் விரியும் கலகாடி பூங்காவின் வாசல், ட்வீ ரிவீரன். வாசல் வரை இப்போது தார்தான். வழியில் ஆஸ்கம் தவிர ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள், இருக்கிற டேங்க் பாதி இருந்தாலும் சரி.

பூங்காவில் மூன்று பெரிய முகாம்கள்: ட்வீ ரிவீரன், மாட்டா மாட்டா, நொசோப். மூன்றிலும் கேரவன் போடலாம், மூன்றிலும் எரிபொருள் உண்டு. ட்வீ ரிவீரனில் 24 மணி நேரமும் கரண்டு, போன் டவர் உண்டு. முகாமை விட்டு வடக்கே கொஞ்ச தூரம் போனதும் டவர் விட்டுப்போகும். மற்ற இரண்டிலும் கரண்டு நாள் முழுக்க இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நொசோபில் போன் கிடையாது. மாட்டா மாட்டா நமீபிய எல்லையில் இருப்பதால் அங்கேயும் போனை நம்ப வேண்டாம். க்ரூட்கொல்க், கராகாப், பிட்டர்பான் போன்ற வேலியில்லாத காட்டு முகாம்கள் கேரவனுக்கு உரியவை அல்ல.

தூரத்தை கி.மீ.யில் பார்த்து ஏமாறாதீர்கள். ட்வீ ரிவீரனிலிருந்து மாட்டா மாட்டா 120 கி.மீ., நொசோப் 160 கி.மீ. உள்ளே வேக வரம்பு 50. அலை அலையான சரளைத் தடத்தில் நொசோப் போய்ச்சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசல் மாலையில் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். பிற்பகலில் வந்து சேர்ந்தால் முதல் இரவு ட்வீ ரிவீரனிலேயே தங்கும்படி பதிவு செய்வதுதான் அறிவு.

எங்கள் கருத்து ஒன்று. தரை உயரம் குறைந்த சாதாரணக் கேரவனை நொசோபுக்கு இழுத்துப் போகாதீர்கள். அந்த அலைத்தடம் அலமாரி ஆணிகளைக் கழற்றும், கேஸ் குழாய் இணைப்புகளைத் தளர்த்தும். கேரவனை ட்வீ ரிவீரனில் நிறுத்திவிட்டுப் பகலில் காரில் சுற்றுங்கள். உள்ளே தங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு இரவுக்குச் சின்னக் கூடாரம் எடுத்துப் போங்கள்.

தேசியப் பூங்கா முகாம்களுக்கு 11 மாதம் முன்பே பதிவு திறக்கும். விடுமுறைத் தேதிகளுக்கு நொசோபும் மாட்டா மாட்டாவும் திறந்த உடனே நிரம்பும். முதலில் அவற்றின் இரவுகளைப் பிடித்துவிட்டு, கிம்பர்லி, அப்பிங்டன் இரவுகளைப் பிறகு அதற்குத் தோதாக அமைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டைப் பார்க்கும் விதம்

பல முகாம்களில் ஸ்டாண்டுக்கு, அதாவது கேரவன் போடும் இடத்துக்கு, எண் ஒதுக்க மாட்டார்கள். முதலில் வந்தவர் பிடித்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தும் முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். கரண்டுப் பெட்டி எவ்வளவு தூரம்? தரை சமமா? பிற்பகல் வெயில் எந்தப் பக்கம்? கேரவனின் கதவுப் பக்கம் கிழக்கே இருந்தால் மாலைச் சமையல் நிழலில் நடக்கும். குளியலறைக் கட்டடம் பக்கத்தில் இருந்தால் வயதானவர்களுக்கு நல்லது. ஒட்டியே இருந்தால் இரவு முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும்.

மர நிழல் கண்ணை இழுக்கும். அங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். கலஹாரியின் பெரிய மரம் கேமல்தார்ன். அதன் அடியில் கிடக்கும் தளர்ந்த மணலுக்குள் டாம்பன் என்னும் உண்ணிகள் புதைந்து கிடக்கும். மூச்சுக்காற்றை உணர்ந்து மேலே வரும், கடித்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை. மரத்தடி மணலில் பாய் விரித்துக் குழந்தையைப் படுக்க வைப்பது நம் ஊர்ப் பழக்கம், இங்கே அதைச் செய்யாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், கால் மூடிய செருப்பு போடுங்கள். அதே மரத்தின் முட்கள் டயரின் பக்கவாட்டில் ஏறும். கேரவனை மரத்தின் விளிம்பு நிழலில் நிறுத்தினால் போதும், அடிமரத்தோடு ஒட்ட வேண்டாம்.

மணலில் சாதாரணக் கூடார முளை நிற்காது. 40 செ.மீ. நீளமுள்ள அகலமான முளைகள் வேண்டும். பக்கத்து ஸ்டாண்டிலேயே தரை சுண்ணாம்புக் கல்லாக இறுகியிருக்கலாம். அதற்கு இரும்பு முளையும் ஒரு கிலோ சுத்தியலும். இரண்டு வகையும் எடுத்துப் போங்கள். காற்று எழுந்தால் முன்கூடாரத்தைச் சுருட்டிவிடுங்கள். இரவில் கிழிந்த பிறகு மணலில் தைத்துக்கொண்டிருக்க முடியாது.

முகாமுக்கு வேலி இருந்தாலும் நரிகள் உள்ளே வரும். வாசலில் விட்ட தோல் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். குப்பையும் சாப்பாட்டுப் பாத்திரமும் வெளியே இருக்கக் கூடாது. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், காலையில் செருப்பைத் தட்டாமல் போடாதீர்கள். முன்னால் உள்ள இடுக்கிகள் மெல்லியதாகவும் வால் தடித்ததாகவும் இருக்கும் தேள்தான் ஆபத்தானது.

கரண்டு இணைப்பு

முகாம்களில் பெரும்பாலும் 16 ஆம்ப் நீல நிற மூன்று முள் கேரவன் பிளக்தான் இருக்கும். வீட்டுப் பிளக்குக்கு மாற்றும் ஒரு அடாப்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் 25 மீட்டராவது இருக்கட்டும், மூன்று இழை, 2.5 சதுர மி.மீ. செம்பு. மெல்லிய தோட்டக் கேபிளில் கெட்டில் போட்டால் கேபிள் சுடும். தடித்த கேபிளாக இருந்தாலும் முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருளாகவே விட்டால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

வரிசை இது: கேரவனுக்குள் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். கேபிளைக் கேரவனில் முதலில் செருகுங்கள், பிறகு பெட்டியில். எர்த் சரியாக உள்ளதா என்று சோதனை பிளக்கில் பாருங்கள். பெட்டியின் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பட்டனை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், அலுவலகத்தில் சொல்லி வேறு ஸ்டாண்டு கேளுங்கள். பிறகு ஒன்றொன்றாகப் போடுங்கள்.

16 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 3,600 வாட். கெட்டில் 2,000, ஏசி 1,000 முதல் 1,500, ஹீட்டர் 2,000. எந்த இரண்டு பெரியவற்றையும் சேர்த்துப் போடாமல் இருந்தால் ட்ரிப் ஆகாது. மாலை 6 மணிக்கு முகாம் முழுக்க ஒரே நேரத்தில் சமைக்கும்போது மின்னழுத்தம் இறங்கும், ஏசி முக்கும். அப்போது ஏசியை அணைத்துவிட்டுச் சமைத்து முடித்த பிறகு போடுங்கள்.

தண்ணீரும் பருப்பும்

பூங்காவுக்குள் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், கடினமான தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து கொண்டு போங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர், கோடையில் 7. நாலு பேர், நாலு இரவு என்றால் 80 லிட்டர், அதாவது 25 லிட்டர் கேன் மூன்றும் கைப் பாட்டில்களும். 80 லிட்டர் என்றால் 80 கிலோ. கேன்களைக் கேரவனின் கடைசியில் அடுக்கினால் முன்கொக்கி தூக்கிக்கொண்டு வண்டி ஆடும். அச்சுக்கு நேர் மேலே, தரையில் வையுங்கள்.

குழாய்த் தண்ணீரின் கடினம் பருப்பில்தான் முதலில் தெரியும். துவரம் பருப்பை அந்தக் குழாய்த் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கொதித்தாலும் மலராது, ஓரம் மட்டும் கரைந்து நடுவில் கல்லாகவே இருக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடுகிறது. கேஸ் தீர்கிறது, குழந்தைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டு போன தண்ணீரிலேயே பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் குக்கரில் வையுங்கள். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். முடிந்தால் மைசூர் பருப்பாக எடுத்துப் போங்கள், சீக்கிரம் வெந்துவிடும். டீக்கும் கொண்டு போன தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் டீயில் உப்பு முன்னால் வந்து நிற்கும்.

கேஸ் 5 கிலோ சிலிண்டர் ஒன்று, உபரிக்கு 3 கிலோ ஒன்று. விறகு பொறுக்குவது பூங்காவில் தடை. முகாம் கடையில் வாங்குங்கள்.

சரளையும் டயரும்

தாரில் ஓடும் காற்றழுத்தத்தோடு சரளையில் ஏறாதீர்கள். ட்வீ ரிவீரனில் கார் டயரை 1.6 பார் அளவுக்கு இறக்குவது வழக்கம். கேரவன் டயரையும் அதன் எடைக்கு ஏற்ப இறக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காற்று குறைந்த டயர் மணலில் அகலமாக உட்காரும், கூரான கல்லில் வளைந்துகொடுக்கும். தாருக்குத் திரும்பும்போது மறக்காமல் ஏற்றுங்கள்; இறங்கிய டயரில் 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். கம்ப்ரஸர் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடுகிற வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னது இரண்டாவது டயரிலேயே ஃபியூஸ் போய்விடும்.

காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று உபரி டயர். பூங்காவுக்குள் பஞ்சர் என்றால் இறங்கும் முன் இரு பக்கமும் நன்றாகப் பாருங்கள், ஒருவர் காவல் பார்க்கட்டும். சிங்கம் நிழலில் படுத்தால் மணலோடு மணலாக இருக்கும்.

டவர் பிடிக்கும் வேலை

கிராமப்புறத்தில் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் பரப்பு மாறும். ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே சிம் வைத்திருந்தால் டவர் போனால் எல்லோருக்கும் போகும். ஒருவர் வோடகாம், ஒருவர் எம்டிஎன் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் மட்டும் ஓடும் வீட்டு வைஃபை சிம்மை நம்பி வராதீர்கள். புது சிம் வாங்கினால் ரிகா சட்டப்படி அதை உங்கள் பெயரில் பதிவு செய்ய அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும். அதை வீட்டிலேயே முடித்து, பேக்கேஜும் போட்டு, ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

தொலைவுக்குப் போவது குறைந்த அலைவரிசைகள்தான்: 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ். 2022-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 700, 800 இரண்டும் ஏலம் போயின. கையில் உள்ள பழைய ரவுட்டர் இவற்றைப் பிடிக்காவிட்டால், போனில் இரண்டு கோடு காட்டும் இடத்தில் ரவுட்டர் ஒன்றும் காட்டாது. வாங்கும்போது பெட்டியில் இந்த எண்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

கோடுகளை எண்ணாதீர்கள், எண்ணைப் பாருங்கள். போனின் சிம் நிலைப் பக்கத்தில் டிபிஎம் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். 4ஜியில் −90 நல்லது. −105 என்றால் செய்தியும் பேச்சும் போகும், வீடியோ தயங்கும். −115-க்குக் கீழே எஸ்எம்எஸ் மட்டும் முயன்று பாருங்கள். வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நிற்கும் இடத்திலும் எஸ்எம்எஸ் போய்விடும், வீட்டில் இருப்பவர்களிடம் அதையும் பார்க்கச் சொல்லி வையுங்கள்.

கேரவனின் அலுமினியத் தோல் அலையைத் தடுக்கும். ரவுட்டரை அலமாரிக்குள் வைத்தால் வெளியே −100 இருப்பது உள்ளே −112 ஆகும். ஜன்னலோரம், முடிந்த உயரத்தில் வையுங்கள். வெளி ஆன்டெனா வாங்கினால் இரண்டு இணைப்பு உள்ளதாக, 4 மீட்டர் கம்பத்தில். கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய நீளக் கேபிள் ஆன்டெனா சம்பாதித்ததைத் தின்றுவிடும். ஒரு திசை நோக்கும் ஆன்டெனா வலுவானது, ஆனால் டவர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். 30 டிகிரி திருப்பி, அரை நிமிடம் காத்து, எண்ணைக் குறித்து, மறுபடி திருப்புங்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டிகளை அனுமதியில்லாமல் போடுவது சட்டவிரோதம், பக்கத்தில் இருப்பவர்களின் இணைப்பையும் கெடுக்கும்.

டவர் நன்றாக இருந்தும் மாலை 6 முதல் 9 வரை நகராவிட்டால் அது நெரிசல். முகாம் முழுக்க ஒரே டவரில் படம் அனுப்புகிறது. விடியற்காலை 5 மணிக்கு அதே டவர் பறக்கும். ஆபீஸ் கோப்பு அனுப்ப வேண்டியவர்கள் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டோ தானாக மேலேறுவதையும் ஆப் அப்டேட்டையும் அணைத்து வையுங்கள்.

நமீபிய எல்லைப் பக்கம் போன் அந்த நாட்டு டவரில் தானாக ஏறிக்கொள்ளலாம். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு படம் அனுப்பிய காசில் ஒரு நாள் டீசல் போட்டிருக்கலாம்.

கர்நார்வன், விலிஸ்டன், பிராண்ட்ஃப்லெய் பக்கம் சுற்றி வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சேதி. ஊரைத் தாண்டியதும் அங்கே டவர் இல்லாதது பழுது அல்ல. மீர்காட் வானொலித் தொலைநோக்கியின் 64 தட்டுகள் அங்கே நிற்கின்றன. விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலையைக் கேட்பதற்காக, 2007-இல் வந்த வானியல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வட்டாரத்தில் வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகலை டவர் இல்லாத பகலாகவே நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஸ்டார்லிங்க்குக்கு இதை எழுதும்போது தென்னாப்பிரிக்காவில் உரிமம் இல்லை. பக்கத்து நாட்டில் பதிவு செய்த கருவியை நம்பி ஆபீஸ் வேலையை ஒப்புக்கொண்டு வராதீர்கள். நொசோப் போகிறவர்கள் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யலாம். போனுக்கு டவர் இல்லாத இடத்தில் எஸ்ஓஎஸ் அனுப்ப அதுதான் வழி. வானம் திறந்த இடத்தில் வைக்க வேண்டும், செய்தி போகச் சில நிமிடம் ஆகும். வீட்டு முற்றத்தில் ஒரு செய்தி அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள். அவசர எண்ணான 112 எந்த நெட்வொர்க்கின் டவர் இருந்தாலும் போகும், எந்த டவருமே இல்லாவிட்டால் போகாது.

வரைபடத்தை அப்பிங்டனுக்கு முன்பே போனில் இறக்கிவையுங்கள். ட்ராக்ஸ்ஃபோர்ஆப்பிரிக்கா இந்தச் சாலைகளுக்கு நன்றாக இருக்கும். போனுக்கு டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கையில் ரொக்கமும் வேண்டும், டவர் விழுந்தால் டீசல் பங்கின் கார்டு மெஷினும் விழும்.

பேட்டரிக் கணக்கு

கரண்டு இல்லாத இரவுக்கு. வெப்பத்தில் 50 லிட்டர் ஃப்ரிட்ஜ் நாளைக்குச் சுமார் 55 ஆம்ப்-மணி எடுக்கும். 10 வாட் ரவுட்டரை நாள் முழுக்க விட்டால் 20. விளக்கு 5, நாலு போன் 5. ஆக 85. வழக்கமான 105 ஆம்ப்-மணி டீப் சைக்கிள் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், அதாவது உங்களிடம் இருப்பது 50 சொச்சம்தான். டவரே இல்லாத முகாமில் ரவுட்டர் ஓடுவது வீண், அணையுங்கள். 65-க்கு வந்துவிடும். 200 வாட் சோலார் பேனல் அந்த வெயிலில் 60 திருப்பித் தரும். பேனலை வெயிலில் வைத்து, வண்டியை நிழலில் நிறுத்துகிற மாதிரி 10 மீட்டர் தடித்த கேபிள் போடுங்கள்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஜூலையில் ஒன்றைக் கவனியுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே அது சார்ஜ் ஏறக் கூடாது. உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று காலையில் சார்ஜை நிறுத்திவிடும். பேனல் கெட்டுவிட்டது என்று அவிழ்க்காதீர்கள். கொக்கிப் பெட்டியில் வைக்காமல் கேரவனுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்தால் இந்தத் தொல்லை வராது.

வீட்டில் விட்டுப் போகும் தாள்

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆயாவுக்கும் படிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் படிக்கிற பேரனுக்கும் புரிய வேண்டும், தேவையென்றால் இரண்டிலும் எழுதுங்கள். வண்டி எண், கேரவன் எண், வருகிறவர்களின் பெயர், ஒவ்வொரு இரவின் முகாம், பதிவு எண். அதற்குக் கீழே இப்படி:

“செவ்வாய், புதன், வியாழன் நொசோப். போன் கிடையாது. அழைத்தால் எடுக்காது, பயப்பட வேண்டாம். வெள்ளி மாலை 5 மணிக்குள் ட்வீ ரிவீரனிலிருந்து எஸ்எம்எஸ் வரும். இரவு 8 மணிக்கும் வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைத்து வண்டி எண்ணைச் சொல்லவும். எண் கீழே. சனி காலை 8 மணி வரை தகவல் இல்லையென்றால் போலீஸ், 10111.”

நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். மதியம் 2 மணிக்கு வருவோம் என்று எழுதி, ஒரு பஞ்சரில் 4 ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்களின் நெஞ்சு படும் பாட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்த எஸ்எம்எஸ்ஸை யார் அனுப்புவது என்றும் ஒருவரை நியமித்துவிடுங்கள். அவர் அனுப்பினார் என்று இவரும் இவர் அனுப்பினார் என்று அவரும் இருப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. வெள்ளிக்கிழமை ட்வீ ரிவீரன் வாசலுக்கு வந்ததும் போனில் டவர் ஏறும். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் முன், டீசலுக்கு நிற்கும் முன், அந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள்.